உண்ணிக் காய்ச்சல் ‘பொசிட்டிவ்’: அந்த இரண்டாவது கோடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

மட்டக்களப்பில் ஆளுக்குக் காய்ச்சல் என்றால் டெங்கு, நாய்க்குக் காய்ச்சல் என்றால் உண்ணிக் காய்ச்சல். நாய் ஒரு நேரம் சோற்றை மோந்துவிட்டுப் போய்ப் படுத்தால் போதும், மதிலுக்கு அங்கால் இருப்பவர் எட்டிப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். எந்தப் பாமசியில் என்ன மாத்திரை வாங்க வேண்டும் என்பதும் கூடவே வரும். பத்து நிமிடத்தில் விடை தரும் சின்னப் பரிசோதனை அட்டைகள் கிளினிக்குகளுக்கு வந்த பிறகு இந்தப் பேச்சுக்கு விஞ்ஞான மெருகும் ஏறிவிட்டது.

“டொக்டர், உண்ணிக் காய்ச்சல் பொசிட்டிவாம். ஊசியப் போட்டு விடுங்க.”

“நாய்க்கு என்னம்மா செய்யிது?”

“அதுக்கு ஒண்டுமில்ல, நல்லா ஓடித் திரியிது. கொழும்பில இருக்கிற மகள்தான் ஒருக்கா டெஸ்ட் எடுத்துப் பாருங்க எண்டு சொன்னவ.”

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மூன்று நாளாகக் காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் நாயைக் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓட்டோவில் ஏற்றிவருவார்கள். அட்டையில் ஒரு கோடுதான் விழுந்திருக்கும். “நெகட்டிவ்தானே, பிறகேன் மருந்து?” என்று கேட்பார்கள். கேட்பதில் பிழையில்லை, யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. இரண்டு பேருமே பரிசோதனை நோயைக் காட்டுகிறது என்று நம்புகிறார்கள். எந்தப் பரிசோதனையும் ஒரேயொரு சின்னக் கேள்விக்குத்தான் விடை சொல்லும். எந்தக் கேள்வி என்று தெரியாமல் விடையை மட்டும் கையில் வைத்திருந்தால் மருந்தும் பிழைக்கும், காசும் போகும்.

ஒரே பெயருக்குள் பல நோய்கள்

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். உண்ணி கடிப்பதால் வரும் பல நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப் பெயர்தான் உண்ணிக் காய்ச்சல். நம் பக்கத்தில் அடிக்கடி அடிபடுபவை இரண்டு.

ஒன்று எர்லிக்கியா கனிஸ் எனும் பற்றீரியா. 1935இல் அல்ஜீரியாவில் முதலில் விவரிக்கப்பட்டது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில், பலவும் மூக்கால் இரத்தம் வடிந்து, செத்தபோதுதான் உலகம் இதை உற்றுக் கவனித்தது. இது வெண்குழியங்களுக்குள், அதாவது கிருமிகளை எதிர்க்கும் இரத்தக் கலங்களுக்குள் புகுந்து வாழும். அதன் விளைவாகப் பிளேட்லெட் குறையும். டெங்குக் காலத்தில் நாம் எல்லோரும் எண்ணிக் கணக்கு வைத்தோமே, அதே பிளேட்லெட்தான்: இரத்தக் கசிவை அடைக்கும் நுண்ணிய துணுக்குகள்.

மற்றது பபேசியா. இது ஒற்றைக்கல ஒட்டுண்ணி. மலேரியாக் கிருமி நம்மில் செய்வதுபோல, ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியங்களுக்குள் குடியேறிப் பெருகி அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும். குருதிச்சோகை, வெளிறிய பல் முரசு, சில வேளை தேயிலைச் சாயம் போன்ற நிறத்தில் சிறுநீர் என்று போகும். ஆசியாவில் பரவலாக உள்ள பபேசியா கிப்சோனி எனும் இனத்தை 1910இல் பற்றன் என்பவர் முதலில் விவரித்தது தூர தேசத்தில் அல்ல, மதராசில், வெள்ளைக்காரர் வேட்டைக்கு வளர்த்த நாய்களின் இரத்தத்தில் கண்டுதான். பிறகு நரியின் இரத்தத்திலும் கண்டார். இந்தக் கிருமிக்கு உண்ணி மட்டும்தான் வழி என்றும் இல்லை. நாய்கள் கடிபடும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு நேரடியாகவே தொற்றக்கூடியது.

இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டியதற்குக் காரணம் மருந்து. எர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்கிளின் நன்றாக வேலை செய்யும். பபேசியா கிப்சோனிக்கு அது உதவாது, அதற்கு வேறு மருந்துகள் வேண்டும். மதிலுக்கு அங்கால் இருப்பவர் சொன்ன மாத்திரையைப் பத்து நாள் கொடுத்துவிட்டு, முரசு வெள்ளைத் துணிபோல் ஆன பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு வருவது இப்படித்தான் நடக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சம்மாந்துறை, வவுணதீவு போன்ற வயல் பக்கங்களில் எலிக்காய்ச்சலைத் தெரியாதவர் இல்லை. அது நாய்க்கும் வரும். காய்ச்சல், மஞ்சள் காமாலை, பிளேட்லெட் குறைவு எல்லாம் அதிலும் உண்டு. உடம்பில் உண்ணி இருக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆக, இதுவரை: ‘உண்ணிக் காய்ச்சல்’ ஒரு குடும்பப் பெயர். அதற்குள் ஆள் யார் என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும். வெளியாள் ஒருவரும் அதே சாயலில் வரலாம்.

வட்டைக்குள் யானை

படுவான்கரையில் வேளாண்மை செய்பவருக்கு மிச்சத்தை விளக்க அதிக நேரம் எடுக்காது. விடிய வட்டைக்குப் போகிறார், வரம்போரம் யானையின் காலடி. யானை வந்தது உறுதி. நேற்றிரவு வந்ததா, போன கிழமை வந்ததா? இப்போதும் பக்கத்துப் பற்றைக்குள் நிற்கிறதா? காலடி அதைச் சொல்லாது. லத்தி ஈரமாகக் கிடந்தால் யானை அதிக தூரம் போயிருக்காது. கதிர் மிதிபட்டுக் கிடந்தால் சேதம் நடந்திருக்கிறது, ஆனால் கட்டாக்காலி மாடும் அதைச் செய்திருக்கலாம். யானையே கண்ணுக்கு முன்னால் நின்றால் பேச்சே இல்லை. ஆனால் கண்ணில் படவில்லை என்பதற்காக யானை வரவில்லை என்று எந்தப் போடியாரும் வாடியில் நிம்மதியாகத் தூங்கமாட்டார்.

நாயின் இரத்தத்தில் நாம் செய்யும் பரிசோதனைகளும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

காலடி தேடும் அட்டை

கிருமி ஒன்று உள்ளே வந்தால் உடம்பு அதற்கென்றே ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்தக் கிருமியில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் இந்தப் புரதத்துக்குப் பெயர் பிறபொருளெதிரி. அட்டைக்குள் இருக்கும் கடதாசிப் பட்டியில் ஒரு கோடு நீளத்துக்குக் கிருமியின் துண்டு முன்கூட்டியே பூசப்பட்டிருக்கும். இரத்தத் துளி பட்டி வழியே ஊர்ந்து போகும்போது அதில் பிறபொருளெதிரி இருந்தால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும், நிறத்துணிக்கைகளும் சேர்ந்து மாட்டும், கோடு தெரியும். மற்றக் கோடு அட்டை வேலை செய்தது என்பதற்கான சாட்சி. அது விழாவிட்டால் விடையே இல்லை, அட்டையைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த அட்டையும் பார்வைக்கு இதேதான். ஆனால் அது வைரசின் புரதத்தையே தேடியது, அதாவது யானையை. எர்லிக்கியாவுக்குக் கிளினிக்குகளில் இருக்கும் அட்டைகளில் பெரும்பாலானவை பிறபொருளெதிரியை, அதாவது காலடியைத் தேடுபவை. உருவம் ஒன்று, கேள்வி வேறு. இந்தக் குழப்பத்தில் பாதி அதனால் வந்தது என்பது என் கணிப்பு. ஒரே அட்டையில் பல நோய் பார்க்கும் வகைகளில் இது இன்னும் மோசம்: இதயப்புழுவுக்கான கோடு புழுவின் புரதத்தையே தேடும், அதற்கு ஒரு விரல் தள்ளி இருக்கும் எர்லிக்கியாக் கோடு காலடியைத் தேடும். இரண்டையும் ‘பொசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லால் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

காலடி விழ நேரம் எடுக்கும். தொற்றிய பிறகு பிறபொருளெதிரி போதுமான அளவு சேர ஒன்று முதல் மூன்று கிழமை வரை ஆகலாம். களுவாஞ்சிக்குடி நாய் காய்ச்சலின் முதல் நாட்களில் இருக்கிறது, அதன் ‘நெகட்டிவ்’ இன்னும் காலடி பதியவில்லை என்பதாக இருக்கலாம். விழுந்த காலடி அழியவும் நேரம் எடுக்கும். மருந்து கொடுத்துக் குணமான நாயிலும் பிறபொருளெதிரி மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கு மேலும் நிற்கும். ஓடித் திரியும் நாயின் ‘பொசிட்டிவ்’ இரண்டு ஆண்டுக்கு முன் வந்து தானாகவே அடங்கிப்போன தொற்றாகக்கூட இருக்கலாம்.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம்; இது எடுத்த கணக்கெடுப்பு அல்ல. உண்ணி நிறைந்த ஒரு கிராமத்தில் நூறு நாய்கள். அவற்றில் நாற்பதில் பழைய காலடி இருக்கிறது, எல்லாம் சுகமாகத் திரிகின்றன. அதில் ஒரு நாய் பழுதான இறைச்சியைத் தின்று வாந்தி எடுக்கிறது. அட்டையைப் போட்டால் பொசிட்டிவ் வர நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. வாந்திக்கும் எர்லிக்கியாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அட்டை பொய் சொல்லவில்லை, நாம்தான் கேட்காத கேள்விக்கு அதன் விடையை எடுத்துக்கொண்டோம். அதே நாய் காய்ச்சலோடும், மூக்கில் இரத்தத்தோடும், பிளேட்லெட் குறைந்தும் வந்திருந்தால் அதே கோடு கனமான சாட்சியாகிவிடும்.

ஓடித் திரியும் நாயை அப்படியே அனுப்பிவிடலாம் என்பதுமில்லை. எர்லிக்கியா சில நாய்களில் வெளியே ஒன்றும் காட்டாமல் மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். அந்தக் கட்டம் கடந்து எலும்பு மச்சையையே கெடுக்கும் கட்டத்துக்குப் போனால் காப்பாற்றுவது கடினம். அல்சேஷன் இனத்தில் இது கூடுதல் கடுமை. ஆகவே சுகமாக இருக்கும் பொசிட்டிவ் நாய்க்கு அடுத்த வேலை இரத்தக் கல எண்ணிக்கை பார்ப்பது. ஊசிப் பேச்சு அதற்குப் பிறகு.

யானையும் லத்தியும்

யானையை நேரில் காண வழி குருதிப் பூச்சு. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. செலவு குறைவு, வேண்டியது பொறுமையும் பழகிய கண்ணும். செங்குழியத்துக்குள் பபேசியா தெரிந்தால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை. காதின் ஓரத்தில் குத்தி எடுக்கும் துளியில் அது கூடுதலாகத் தென்படும், தொற்றிய குழியங்கள் நுண்ணிய குழாய்களில் தேங்குவதால். எர்லிக்கியாவோ பூச்சில் மிகச் சில நாய்களில்தான் கண்ணில் படும். ‘பூச்சில் ஒன்றும் இல்லை’ என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நோயில்லை என்று சொல்ல முடியாது.

பி.சி.ஆர். கிருமியின் மரபுப்பொருள் துணுக்கைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும். ஈரமான லத்தி மாதிரி: கிருமி இப்போது அல்லது மிக அண்மையில் இருந்தது என்று சொல்லும், எந்த இனம் என்றும் பிரித்துச் சொல்லும். விலை கூட, மாதிரி வெளியூருக்குப் போக வேண்டும், விடை வர நாளாகும். மருந்து தொடங்கிவிட்டால் இரத்தத்தில் கிருமி குறைந்து தப்பிவிடவும் கூடும். எல்லா நாய்க்கும் இது தேவையில்லை. மருந்துக்குக் கேட்காத நாய், மறுபடி மறுபடி வரும் நாய், மற்றப் பரிசோதனைகள் ஒன்றோடொன்று முரண்படும் நாய் என்றால் செலவழிக்கலாம்.

மிதிபட்ட கதிர்: ஒரு ரிப்போர்ட்டை வாசிப்போம்

இரத்தக் கல எண்ணிக்கை கிருமியைத் தேடுவதே இல்லை, சேதத்தை அளக்கிறது. நாயின் இரத்தத்தை ஆட்களுக்குப் பரிசோதிக்கும் லாப் ஒன்றில் கொடுத்து எடுத்த ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு நான் எழுதும் எண்கள் இவை:

வெண்குழியம் 14,200, பக்கத்தில் ‘எச்’, அதாவது கூட. எம்.சி.வி. 68, பக்கத்தில் ‘எல்’, அதாவது குறைவு. பி.சி.வி. 29, ‘எல்’. பிளேட்லெட் 48,000, ‘எல்’.

நான்கு வரியிலும் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் குடும்பம் முழுக்கச் சுற்றி, கனடாவில் இருக்கும் சித்தப்பா வரை போய் வந்திருக்கும். ஆனால் அந்த ‘எச்’சும் ‘எல்’லும் மனிதரின் அளவோடு ஒப்பிட்டு இயந்திரம் போட்டவை.

வெண்குழியம் மனிதருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000. நாய்க்கு 6,000 முதல் 17,000. இந்த 14,200 நாய்க்குச் சாதாரணம். எம்.சி.வி. என்பது செங்குழியம் ஒன்றின் சராசரிப் பருமன்: மனிதருக்கு 80 முதல் 100, நாய்க்கு 60 முதல் 77 வரை. நாயின் செங்குழியம் பிறவியிலேயே நம்முடையதைவிடச் சிறியது. 68க்கு ‘எல்’ போட்டது இயந்திரத்தின் அறியாமை. இரண்டு எச்சரிக்கை போயிற்று.

பி.சி.வி. என்பது இரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு பங்கு செங்குழியம் என்ற அளவு. நாய்க்கு 37 முதல் 55 வரை இருக்க வேண்டும். 29 உண்மையான குருதிச்சோகை. இதைக் கிளினிக்கிலேயே பார்க்கலாம். மயிர் போன்ற கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து ஐந்து நிமிடம் வேகமாகச் சுழற்றினால் செங்குழியம் அடியில் படியும், மேலே தெளிந்த திரவம் நிற்கும். நான் எண்ணைப் பார்க்குமுன் அந்தத் திரவத்தின் நிறத்தைத்தான் பார்ப்பேன். தெளிவாக இருந்தால் ஒரு கதை. மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் உள்ளே குழியங்கள் உடைகின்றன அல்லது ஈரலில் சிக்கல், உடனே பபேசியாவையும் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். (இரத்தம் எடுக்கும்போது ஊசியால் நசுங்கினாலும் சிவக்கும், அதையும் நினைவில் வைக்க வேண்டும்.)

பிளேட்லெட் நாய்க்கு ஏறத்தாழ இரண்டு இலட்சத்துக்கு மேல் இருப்பது வழமை. 48,000 என்றால் பயப்படத்தான் வேண்டும், ஆனால் முதலில் அந்த எண் உண்மையா என்று பார்த்துவிட்டு. குழாயில் இரத்தம் சற்று உறையத் தொடங்கினாலே பிளேட்லெட்டுகள் கொத்தாகச் சேர்ந்துவிடும், இயந்திரம் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். பூனையில் இது இன்னும் மோசம்: அதன் பிளேட்லெட் செங்குழியம் அளவுக்கே பெரிதாக இருக்கக்கூடும், இயந்திரம் ஒன்றை மற்றதாக எண்ணும். பூச்சில் கொத்து இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தால் சந்தேகம் தீரும். கொத்து இல்லை, காய்ச்சல் உண்டு, உண்ணி உண்டு, அட்டையில் கோடும் உண்டு என்றால் இப்போது நான்கு சாட்சியும் ஒரே கதையைச் சொல்கின்றன. மருந்தைத் தொடங்கலாம்.

சுருக்கமாக: அட்டை ‘எப்போதாவது வந்ததா’ என்கிறது, பூச்சும் பி.சி.ஆரும் ‘இப்போது நிற்கிறதா’ என்கின்றன, கல எண்ணிக்கை ‘எவ்வளவு சேதம்’ என்கிறது. நோயின் பெயரை எழுதுவது இவை எல்லாவற்றையும் நாயோடு சேர்த்துப் பார்க்கும் வைத்தியரின் வேலை.

மருந்து, தயிர், 28 நாள்

எர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்கிளின் 28 நாள் கொடுப்பது வழமை. பெரும்பாலான நாய்கள் இரண்டு மூன்று நாளில் எழும்பிச் சோறு தின்னும். ஐந்தாம் நாள் வீட்டில் மாத்திரை நிற்கும். ‘சுகம் வந்திட்டு, பிறகேன் மருந்து’ என்பது ஆட்களின் மருந்துக்கும் நாம் சொல்வதுதானே. முதலில் மருந்துக்கு அடங்கும் கிருமி முழுதாக ஒழிந்துவிட்டதாகாது, மிச்சமிருப்பது ஒளிந்துகொள்ளும்.

அதை எப்படிக் கொடுப்பது என்பதில் மட்டக்களப்புக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மாத்திரையை நாய் துப்புகிறது என்றால் நம் கை தன்னால் தயிர்ச் சட்டிக்குப் போகும். எருமைத் தயிரில் குழைத்தால் நாய் சட்டியையே நக்கும், உண்மைதான். ஆனால் பாலிலும் தயிரிலும் உள்ள கல்சியம் டொக்சிசைக்கிளினைப் பிடித்துக்கொள்ளும், குடலில் உறிஞ்சப்படும் அளவு குறையும். மீன் சேர்த்த சோற்றுருண்டைக்குள் வைத்துக் கொடுங்கள். வெறும் வயிற்றிலும் கொடுக்க வேண்டாம், வாந்தி எடுக்கும். பூனைக்கு இந்த மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் அல்லது ஈர உணவு கொடுக்க வேண்டும், தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

வேளாண்மைக்காரருக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையும் டொக்சிசைக்கிளின்தான். வீட்டில் மிஞ்சியிருப்பதை நாய்க்கு இரண்டு போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. அளவு பிழை, நாள் பிழை என்பது ஒருபுறம். நம்மிடம் வரும்போது கிருமி பாதி அடங்கி, பூச்சிலும் பி.சி.ஆரிலும் தப்பிவிடும். கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், யாரும் ஏசமாட்டார்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் கொடுப்பதைப் பற்றி ஒரே வரி: பூனைக்கு அரை மாத்திரையே உயிரெடுக்கப் போதும். நாய்க்கு இபுபுரொபென், டைக்குளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் குடலில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும், அதுவும் பிளேட்லெட் குறைந்திருக்கும் நேரத்தில்.

28 நாள் முடிந்ததும் அதே அட்டையை மறுபடி போட்டுக் கோடு மறைந்ததா என்று பார்ப்பது வீண் செலவு. காலடி அப்படியேதான் இருக்கும். பார்க்க வேண்டியது பிளேட்லெட் ஏறியதா, பி.சி.வி. ஏறியதா, நாய் பழையபடி வாசலுக்கு ஓடுகிறதா என்பதை.

கிளினிக்கில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு

வைத்தியர் நாயைப் பார்க்குமுன் நீங்கள் கேட்கும் கேள்விகள்தான் பாதி நோயறிதல். எத்தனை நாளாக? உண்ணி கண்டீர்களா? வேறு நாயோடு கடிபட்டதா? வயலுக்குப் போகிறதா? ஏற்கெனவே என்ன கொடுத்தீர்கள்? கடைசிக் கேள்வியை இரண்டு விதமாகக் கேளுங்கள். “மருந்து ஏதும் குடுத்தீங்களா அக்கா?” என்றால் “இல்ல” என்பார். “ஊசி ஏதும் போட்டாங்களா, மாத்திரைத் துண்டு ஏதும்?” என்றால் கைப்பையிலிருந்து ஒரு வெற்று அட்டை வெளியே வரும். ஸ்டீரொயிட் ஊசி போட்டிருந்தால் காய்ச்சல் இறங்கியிருக்கும், சாப்பாடு ஏறியிருக்கும், வெண்குழியக் கணக்கும் மாறியிருக்கும். அது தெரியாமல் ரிப்போர்ட் வாசிக்க முடியாது.

நாயின் சாதாரண உடல் வெப்பம் பரனைற்றில் 101 முதல் 102.5 வரை. 101.5 என்று எழுதிவிட்டு “நல்ல காய்ச்சல்” என்று வீட்டுக்காரரைப் பயமுறுத்த வேண்டாம்.

கல எண்ணிக்கைக்கு ஊதா மூடிக் குழாய், இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து உள்ளே இருக்கும். அதில் குறித்த கோடு வரை மட்டும் இரத்தம். கூடினால் உறையும், குறைந்தால் மருந்து விகிதம் பிழைத்துக் கல அளவு மாறும். எடுத்த கையோடு மெல்லப் பத்துத் தரம் தலைகீழாகத் திருப்புங்கள், குலுக்க வேண்டாம். பூச்சை அந்த இடத்திலேயே இழுங்கள். ஓட்டோவில் லாப் போகும் அரை மணி நேரத்தை நம் சித்திரை வெயில் சும்மா விடாது. குழாயை ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் ஐஸில் நேரே முட்டாமல் துணி சுற்றி. காய்ந்த பூச்சுத் தகட்டைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், ஈரம் பட்டால் கெட்டுவிடும். பெயரைக் குழாயில் எழுதுங்கள், மூடியில் எழுதினால் மூடி மாறும். ‘டொமி’ என்று மட்டும் எழுதினால் ஒரே நாளில் மூன்று டொமி வரும் ஊர் இது.

மஞ்சளாக இருக்கும் நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் அதன் வழியே ஆட்களுக்குத் தொற்றும். தாடை தொங்கி, வீணி வடித்து, விழுங்க முடியாமல் வரும் நாயின் வாய்க்குள் “முள்ளு ஏதும் சிக்கியிருக்கா” என்று கை விடாதீர்கள். அது விசர் நோயாக (ரேபீஸ்) இருக்கலாம், அந்த நோய் இரத்தப் பரிசோதனையில் தெரியாது. செத்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விடை சொல்லும்போது ‘பொசிட்டிவ்’ என்று நிறுத்தாமல், “முந்தி எப்பவோ இந்தக் கிருமி பட்டிருக்கு, இப்ப இருக்கா எண்டு டொக்டர் பார்த்துச் சொல்லுவார்” என்று ஒரு வசனம் கூட்டிச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் வெளியே போய்ப் பரப்பும் செய்தி அதுதான்.

சுவரில் இருக்கும் உண்ணி

நம் வீடுகளில் இந்த நோய்களைச் சுமப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. இது காட்டில் காத்திருப்பதில்லை, வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். குஞ்சு, இளசு, முதிர்ந்தது என்று மூன்று பருவத்திலும் நாயில் ஏறி இரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். இறங்கியது மேல்நோக்கி ஏறிச் சுவர் வெடிப்பு, கதவு நிலை, கூரை ஓரம் என்று ஒளியும். ஒரு பெட்டை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயில் நீங்கள் பிடுங்கி எடுப்பது மொத்தத்தில் சிறு பங்கு. கடித்த சில மணி நேரத்திலேயே எர்லிக்கியா தொற்றிவிடக்கூடும், பின்னேரம் இருந்து பிடுங்கலாம் என்பதும் காவலாகாது.

ஆகவே நாய்க்கு உண்ணி மருந்து, வீட்டுச் சுவருக்கு வேறாக மருந்து, இரண்டும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று கொடுக்கும் மாத்திரைகள் இப்போது உண்டு. எடைக்கு ஏற்றதை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். வேளாண்மைக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலந்து நாயைக் குளிப்பாட்டும் வழக்கம் நம் வயல் பக்கங்களில் இன்னும் இருக்கிறது. அந்த மருந்து தோலுக்குள்ளால் போய், உண்ணி சாகுமுன் நாய் வாயில் நுரை தள்ளி விழும். மண்ணெண்ணெயும் தோலை எரிக்கும். பூனையும் உள்ள வீடு என்றால், நாயின் முதுகில் ஊற்றும் மருந்தில் பெர்மெத்திரின் இருக்கிறதா என்று லேபலைப் பாருங்கள். பூனைக்கு அது நஞ்சு, நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும்.